அம்மைப்பாலும் நாட்டு வளமும்

ஒரு நாட்டின் செல்வம் யாதென வினவின், வயலும் தோட்டமும், தொழிற்சாலையும் துறைமுகமுமே பலருடைய நினைவுக்கு வருவன. இவை யாவற்றையும் செல்வமாக ஆக்குவது அந்நாட்டு மக்களின் உழைப்பும் அறிவுமே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். நோயுற்றுக் கிடக்கும் உழவனுக்கு வயல் இருந்தும் பயனில்லை. பள்ளிக்கு வர இயலாத மாணவனுக்கு நல்லாசிரியர் இருந்தும் பயனில்லை. ஆதலின், மக்களின் உடல்நலத்தைக் காத்தற்பொருட்டு அரசு இறுக்கும் பணத்தை வெறுஞ் செலவென்று கொள்வதா, முதலீடென்று கொள்வதா என்பது பொருளியலறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாக்களுள் ஒன்றாகும். அவ்வினாவை ஒரு சிறு துறையில் மட்டும் வைத்து நோக்க இக்கட்டுரை முயல்கின்றது. நாடளாவிய முறையில் மக்களுக்குத் தடுப்பூசி ஏற்றுதலே அத்துறை.

எமது மாணவர் எவரேனும் தம் இடது மேற்கையை நோக்குவாராயின், அங்கே சிறியதொரு தழும்பைக் காண்பர். பிறந்த சின்னாட்களுள் ஏற்றப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. சயரோகத்தின் கொடிய வகைகளிலிருந்து குழந்தையைக் காப்பதற்காக இடப்படுவது. அம்மாணவரின் பாட்டனார் கையை நோக்கினால், அங்கே மற்றுமொரு பழைய தழும்பு இருத்தலும் கூடும். அஃது அம்மைப்பால் குத்திய தழும்பு. பேரனுடைய கையில் அஃது இல்லை. அதற்குக் காரணம் பெற்றோரின் கவலையீனமன்று. எந்த நோயைத் தடுக்க அது குத்தப்பட்டதோ அந்த நோய் இன்று உலகில் இல்லை. இவ்வாறு இல்லாமற்போன ஒன்றின் பெறுமதியைக் கணக்கிடுவது எங்ஙனம் என்பதே இத்துறையின் தலையாய இடர்ப்பாடாகும்.

பெரியம்மையும் அம்மைப்பாலும்

பெரியம்மை பல்லாயிரம் ஆண்டுகளாக மனித குலத்தை வருத்திய நோய். அதன் கொடிய வகையாற் பீடிக்கப்பட்டோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேர் இறந்தனர். பிழைத்தோர் பலர் முகத்தில் வடுவுடனும், சிலர் கண்ணொளி இழந்தும் வாழ்ந்தனர். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 30 கோடி மக்கள் இந்நோயால் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. எம்மவர் இந்நோயைத் தெய்வத்தோடு தொடர்புபடுத்தி, நோயின் பெயரைச் சொல்லவும் அஞ்சி, வேப்பிலை கட்டி வீட்டைத் தூய்மையாக வைத்து வழிபட்டனர். நோயுற்ற வீட்டுக்குப் பிறர் செல்லாதிருந்த அவ்வழக்கத்தில், நோய் பரவாது தடுக்கும் பயனும் ஓரளவு அடங்கியிருந்தது எனலாம்.

ஒருமுறை பெரியம்மை கண்டவர்க்கு அது மீண்டும் வருவதில்லை என்பதைப் பண்டையோர் அறிந்திருந்தனர். சீனத்திலும் இந்தியாவிலும் துருக்கியிலும், நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்த பொருளை நலமுடையோர் உடலிற் சிறிதளவு புகுத்தும் வழக்கம் இருந்தது. அது பெரும்பாலும் இலேசான நோயை உண்டாக்கிக் காத்தது. ஆயினும் சிலரைக் கொன்றது. பிறருக்கு நோயைப் பரப்பவுஞ் செய்தது.

இவ்விடர் இன்றிக் காக்கும் வழியை ஆராய்ந்து நிறுவியவர் எட்வேட் ஜென்னர் என்னும் ஆங்கில நாட்டு வைத்தியர். பசுவின் மடியிற் காணும் பசு அம்மை தொற்றிய பாற்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. 1796ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், சேரா நெல்ம்ஸ் என்னும் பெண்ணின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் கையிற் கீறி ஏற்றினார். ஏறத்தாழ ஆறு கிழமைகளின் பின்னர் பெரியம்மைப் பொருளையே அச்சிறுவனின் உடலிற் புகுத்திப் பார்த்தார், நோய் காணவில்லை. இன்றைய மருத்துவ அறம் இத்தகைய சோதனையை ஒருபோதும் அனுமதியாது. எனினும் 1798இல் அவர் வெளியிட்ட நூல் மருத்துவ வரலாற்றின் போக்கையே மாற்றிவிட்டது. கொப்புளத்தில் ஊறிய அந்நீரே தமிழில் அம்மைப்பால் என வழங்கலாயிற்று.

அக்காலத்தில் அம்மைப்பாலை நெடுநாள் கெடாமற் பேணும் நம்பகமான வழி இல்லை. பெரும்பாலும் ஒருவருடைய கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி மாற்றி அதனைத் தொலைதேயங்களுக்குக் கொண்டுசென்றனர். 1803இல் இசுப்பானிய நாட்டிலிருந்து அமெரிக்கக் குடியேற்றங்களை நோக்கிப் புறப்பட்ட கப்பலொன்றில், இதற்காகவே பெற்றோரற்ற சிறுவர் 22 பேர் ஏற்றிச் செல்லப்பட்டனர். பக்தாத்து, பசுரா வழியாக 1802இல் அம்மைப்பால் பம்பாயை அடைந்தது. அவ்வாண்டிலேயே இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. அப்போது இங்குப் பிரித்தானிய மருத்துவத் துறைக்குத் தலைவராயிருந்த தோமஸ் கிறிஸ்ரி, அம்மைப்பால் வருமுன்னர் இத்தீவில் பெரியம்மை விளைத்த அழிவை விரித்து 1811இல் நூலொன்றும் எழுதினார். பின்னர் 1886ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அம்மைப்பால் குத்துதல் இந்நாட்டிற் சட்டமாக்கப்பட்டது.

ஒருவருக்கு இட்டது பலரைக் காத்தல்

தடுப்பூசி செயற்படும் வகை இது. கொல்லப்பட்ட அல்லது வலுக்குறைக்கப்பட்ட நோய்க்கிருமியையோ அதன் ஒரு கூற்றையோ உடலிற் செலுத்தும்போது, உடல் அதனை அயற்பொருளென உணர்ந்து பிறபொருளெதிரிகளை உண்டாக்குகின்றது. அதனோடு அக்கிருமியை நினைவிற்கொள்ளும் கலங்களும் உருவாகின்றன. பின்னர் உண்மையான கிருமி புகும்போது, உடல் முன்னரே ஆயத்தமாய் நின்று அதனை அழித்துவிடுகின்றது. இவ்வாற்றலையே நிர்ப்பீடனம் என்பர்.

இது தனியொருவர்க்குக் கிடைக்கும் பயன். இதனினும் பெரிய பயன் சமூகத்துக்குக் கிடைக்கின்றது. சின்னமுத்து நோயை எடுத்துக்கொள்வோம். நிர்ப்பீடனம் இல்லாத மக்களிடையே சின்னமுத்துக் கண்ட ஒருவர் 12 முதல் 18 பேருக்கு அதனைத் தொற்றச் செய்வார். கணக்கின் எளிமைக்காக 15 பேர் எனக் கொள்வோம். அப்பதினைந்து பேருள் 14 பேர் நிர்ப்பீடனம் உடையோராயின், நோய் ஒருவருக்கே தொற்றும். அவ்வெல்லையையும் தாண்டினால், ஒரு நோயாளியிலிருந்து சராசரியாக ஒருவருக்குங் குறைவாகவே நோய் செல்லும். தொற்று தானே அவிந்துவிடும். பதினைந்தில் 14 என்பது நூற்றுக்கு ஏறத்தாழ 93. ஒருமுறை இடும் சின்னமுத்து ஊசி நூற்றுக்கு ஏறத்தாழ 93 பேரிடத்தே பலிக்கின்றது. எல்லோரும் ஒருமுறை பெற்றாலும் எல்லையின் விளிம்பிலேயே நிற்போம். இதனாலேதான் இரண்டாம் முறை இடுதல் வேண்டும் என்றும், நூற்றுக்கு 95 பேராயினும் இரு முறையும் பெறுதல் வேண்டும் என்றும் வற்புறுத்தப்படுகின்றது.

இவ்வெல்லை எட்டப்பட்டால், ஊசி பெறும் வயதை அடையாத பச்சிளங் குழந்தையும், புற்றுநோய்ச் சிகிச்சையால் நிர்ப்பீடனம் இழந்தோரும், ஊசி பெற்றும் பலிக்காதோரும் பிறரால் காக்கப்படுகின்றனர். எனினும் இவ்விதி எல்லா நோய்க்கும் பொருந்தாது. ஏற்புவலிக் கிருமி மண்ணில் வாழ்வது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. அயலவர் அனைவரும் ஊசி பெற்றிருப்பினும், பெறாதவனைத் துருவேறிய ஆணி விட்டுவைக்காது. ஆகவே ஒவ்வொரு நோயின் இயல்பையும் அறிந்தே உபாயத்தை வகுத்தல் வேண்டும்.

சந்தையும் அரசும்

பண்டமொன்றின் பயன் அதனை வாங்குவோனையே சேருமாயின், அதனைச் சந்தைக்கு விட்டுவிடலாம். தடுப்பூசியோ அத்தகையதன்று. ஊசி பெறுபவன் தனக்குக் கிடைக்கும் நன்மையை மட்டுமே எண்ணிப் பணங் கொடுப்பான். தன்னால் அயலானுக்குக் கிடைக்கும் நன்மைக்கு அவன் விலை கொடான். ஆகவே சந்தையில் விற்பனையாகும் தடுப்பூசியின் அளவு, சமூகத்துக்கு வேண்டிய அளவினும் எப்போதும் குறைவாகவே இருக்கும். இத்தகைய புறப்பயன் உள்ள இடத்தில் அரசு உதவியளித்தல் தகும் என்பது ஆதர் பிகு முதலிய பொருளியலறிஞரின் கொள்கை.

இன்னொன்றும் உண்டு. குளக்கட்டுத் திருத்தத்துக்கு ஊரவர் அனைவரும் வரும்போது, வராத ஒருவனின் வயலுக்கும் தண்ணீர் பாயும். அதைக் கண்டு மற்றவரும் வராதொழியின், அடுத்த மாரியில் கட்டு உடையும்; எவர் வயலுக்கும் நீரில்லை. தடுப்பூசியும் இத்தன்மையதே. மற்றெல்லோரும் பெற்றிருக்கும்போது ஒருவன் பெறாதிருப்பது அவனுக்கு இலாபம்போலத் தோன்றும். அவ்வாறு எண்ணுவோர் தொகை பெருகினால் அனைவரும் இழப்பர். தனியார் விருப்பத்தைக் கூட்டுவதால் மட்டும் பொதுநலம் உண்டாகாது. திட்டமிடுவதற்கு நாடு என்னும் முழுமை வேண்டும்.

பெரியம்மையை ஒழித்த உபாயம்

1959இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மையை உலகினின்றும் ஒழிப்பதெனத் தீர்மானித்தது. முதலெட்டு ஆண்டுகள் முயற்சி மந்தமாகவே நடந்தது. 1967இல் தீவிர இயக்கம் தொடங்கியபோது, 30இற்கு மேற்பட்ட நாடுகளில் நோய் நிலைத்திருந்தது; அவ்வாண்டில் 1 கோடி முதல் 1½ கோடி வரையிலான மக்கள் நோயுற்றனர் எனவும், ஏறத்தாழ 20 இலட்சம் பேர் இறந்தனர் எனவும் மதிப்பிடப்பட்டது. டொனால்ட் ஹெண்டர்சன் என்பார் இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார்.

வெற்றிக்குத் துணைநின்ற சாதனங்கள் எளியவை. உறைய வைத்து உலர்த்திய அம்மைப்பால், வெப்ப நாடுகளிலும் கெடாதிருந்தது. நுனி இரண்டாகப் பிளந்த சிறிய ஊசி, ஒரு துளி மருந்தையே ஏந்திச் சென்று, முன்னர் வேண்டிய அளவின் நாலிலொரு பங்கோடு வேலையை முடித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் சிறிது நேரத்தில் அதனைக் கையாளக் கற்றனர்.

சாதனங்களினும் முக்கியமானது உபாயம். எல்லோருக்கும் ஊசி ஏற்றிவிட்டால் நோய் ஒழியும் என்பதே முதலில் இருந்த கருத்து. 1966ஆம் ஆண்டின் இறுதியில் கிழக்கு நைசீரியாவிற் பணியாற்றிய வில்லியம் பேக் என்னும் வைத்தியர், கையிருப்பு மருந்து குறைவாயிருந்தமையால், நோயாளி உள்ள ஊர்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவரைச் சூழ்ந்துள்ளோருக்கு மட்டும் ஊசி ஏற்றினார். மக்களிற் பலர் ஊசி பெறாதிருந்தும் நோய் அங்கே அற்றுப்போயிற்று. நெருப்புப் பற்றிய வீட்டைச் சுற்றி நீரூற்றுவது போன்ற இவ்வுபாயமே பின்னர் எங்கும் கைக்கொள்ளப்பட்டது. இந்தியாவில் 1974இல் மட்டும் 1,88,000இற்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களுட் பெரும்பாலோர் பிகார் மாநிலத்தவர். வீடுவீடாகச் சென்று நோயாளியைத் தேடும் பணி முடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தோடு அந்நாட்டில் நோய் அற்றது.

இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர், சோமாலியாவின் மேர்க்கா நகர வைத்தியசாலையிற் சமையற்காரராயிருந்த அலி மாவ் மாலின். 1977 ஒக்டோபரில் நோயுற்றுப் பிழைத்தார். ஊசி நோகுமென அஞ்சித் தாம் அதனைத் தவிர்த்ததாக அவரே பிற்காலத்திற் கூறினார். பின்னாளில் இளம்பிள்ளைவாதத் தடுப்பு இயக்கத்திற் சேர்ந்து, தம் கதையைத் தாய்மாருக்கு எடுத்துரைத்துக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுப்பித்தார். அப்பணியிலிருக்கும்போதே 2013இல் மலேரியாக் காய்ச்சலால் மறைந்தார். 1980 மே மாதம் 8ஆம் நாள் பெரியம்மை ஒழிந்ததென உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது.

இனிக் கணக்கை நோக்குவோம். 1967 முதல் 1979 வரை இத்தீவிர இயக்கத்துக்கு உலகம் முழுவதும் செலவிட்ட தொகை ஏறத்தாழ 30 கோடி அமெரிக்க டொலர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1949இன் பின் பெரியம்மை இல்லை. நோயே இல்லாத அந்நாடு, வெளியிலிருந்து அது புகாமற் காப்பதற்காக 1968ஆம் ஆண்டில் மட்டும் செலவிட்டதும் இழந்ததுமாகிய தொகை ஏறத்தாழ 15 கோடி டொலர் என மதிப்பிடப்பட்டது. அஃதாவது, உலகமுழுதும் 13 ஆண்டுகளிற் செலவிட்ட தொகை, ஒரு செல்வ நாடு இரண்டே ஆண்டுகளில் வேலி காப்பதற்குச் செலவிட்ட தொகைக்கு ஈடாகும். நோய் ஒழிந்தபின் வேலியும் வேண்டாவாயிற்று. செலவு ஒரு காலத்தோடு முடிந்தது. வரவோ முடிவின்றித் தொடர்கின்றது.

அரைகுறை முயற்சியின் தீங்கு

தடுப்பூசி நன்று எனக் கொண்டு எவ்வாறாயினும் இட்டாற் போதும் என எண்ணுதல் தவறு. கிரேக்க நாட்டின் அனுபவம் இதற்குச் சான்று. ஜேர்மன் சின்னமுத்து எனப்படும் ருபெல்லா, குழந்தைப் பருவத்தில் வந்தால் இலேசான நோய். கருவுற்ற பெண்ணுக்குத் தொடக்க மாதங்களில் வந்தால், பிறக்கும் குழந்தை செவிடாகவோ குருடாகவோ இருதயக் குறைபாட்டுடனோ பிறத்தல் கூடும். கிரேக்க நாட்டில் 1970களின் நடுப்பகுதி முதல் இதற்கான ஊசி குழந்தைகளுக்குக் கிடைத்தது. ஆனால் நீண்டகாலம் பாதிப் பேருக்குங் குறைவானோரே அதனைப் பெற்றனர். இதன் விளைவு யாது? நோய் ஒழியவில்லை, ஆயினும் அதன் நடமாட்டம் குறைந்தது. குறையவே, சிறுமியர் பலர் நோயையும் காணாது ஊசியையும் பெறாது வளர்ந்து, தாய்மைப் பருவத்தை நிர்ப்பீடனமின்றி அடைந்தனர். 1993இல் நோய் பரந்தபோது, அதன் பின்விளைவாக 25 குழந்தைகள் பிறவிக் குறைபாடுகளுடன் பிறந்தன. எண் சிறிதேயாயினும் படிப்பினை பெரிது. பாதி வழியில் நிற்கும் திட்டம், திட்டமே இல்லாமையினுங் கொடிதாதலும் உண்டு.

யப்பான் நாட்டின் கதை வேறு வகையானது. அங்கே குக்கல் ஊசி பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேராயிருந்த 1974இல், நாடு முழுவதிலும் 393 பேரே அந்நோயுற்றனர், எவரும் இறக்கவில்லை. அந்த மாரிகாலத்தில் ஊசி பெற்றபின் இரு குழந்தைகள் இறக்கவே, மக்கள் அச்சமுற்றனர். அரசு ஊசியை நிறுத்தியது. பின்னர் இரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கே வழங்கியது. ஊசி பெறுவோர் தொகை நூற்றுக்குப் பத்தளவில் வீழ்ந்தது. 1979இல் 13,000 பேர் நோயுற்றனர். 41 பேர் மாண்டனர். நோயைக் கண்டறியாத பெற்றோர் ஊசிக்கு அஞ்சினர். நோயைக் கண்டபின் மீண்டும் ஊசியை நாடினர். 1981இல் பக்கவிளைவு குறைந்த புதிய ஊசி புகுத்தப்பட்டபின்னரே நிலைமை சீரடைந்தது.

இலங்கையில்

எமது நாட்டில் தடுப்பூசித் திட்டம் வெற்றிபெற்றமைக்கு அடிப்படை, ஊசிக்கு முன்னரே இடப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் வழியே நாடெங்கும் சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவ மாது என்போர் ஊர்தோறும் நியமிக்கப்பட்டனர். கருவுற்ற தாயின் பெயரைப் பதிந்து, பிறந்த குழந்தையை வீட்டுக்கே வந்து பார்க்கும் மருத்துவ மாது இன்றேல், குளிர்ப்பெட்டியிலுள்ள மருந்து குழந்தையின் கையை அடையாது.

இவ்வடித்தளத்தின்மீது 1949இல் பி.சி.ஜி. ஊசியும், 1961இல் தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி என்னும் மூன்றுக்குமான முக்கூட்டு ஊசியும் வந்தன. 1962இல் இளம்பிள்ளைவாதம் பரந்து 1,800இற்கு மேற்பட்டோரைத் தாக்கியது. அவ்வாண்டிலேயே சொட்டு மருந்து தொடங்கப்பட்டது. கருவுற்ற தாய்மாருக்கு 1969இல் ஏற்புவலி ஊசி புகுத்தப்பட்டது. 1978இல் இவை யாவும் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் என ஒருங்கிணைக்கப்பட்டன. சின்னமுத்து ஊசி 1984இலும், ருபெல்லா ஊசி 1996இலும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017இலும் சேர்ந்தன. இலங்கையின் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 1993இற் காணப்பட்டார். முக்கூட்டு ஊசியை மூன்று முறையும் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 99 பேர் என்னும் நிலையை இந்நாடு பல ஆண்டுகள் பேணியது. எம்மினும் பன்மடங்கு செல்வமுள்ள நாடுகள் சில இந்நிலையை எட்டவில்லை.

உள்நாட்டுப் போர் நிகழ்ந்த காலத்திலும் இப்பணி முற்றாக நிற்கவில்லை. 1990களின் நடுப்பகுதியில் தேசியத் தடுப்பு மருந்து நாட்களை முன்னிட்டு இருதரப்பாரும் துப்பாக்கிகளை ஓயவைத்த நாட்கள் உண்டு. வேறெதிலும் உடன்படாதோர், குழந்தையின் வாயில் விழும் இரண்டு சொட்டு மருந்தில் உடன்பட்டனர். அக்காலத்தில் மாணவனாயிருந்த எம்போன்றோருக்கு அதன் பொருள் அப்போது முழுமையாக விளங்கவில்லை. எம் வகுப்பு மாணவரிடையே இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பியவர் ஒருவரையேனும் காணாதபோதே இப்போது விளங்குகின்றது.

எனினும் நன்மை யாவற்றையும் தடுப்பூசிக்கே உரித்தாக்குதல் ஆராய்ச்சி முறையன்று. இலங்கையில் 1946இல் ஆயிரம் குழந்தைகளுள் 141 குழந்தைகள் ஒரு வயதாகுமுன் இறந்தன. 1950இல் அது 82 ஆகக் குறைந்தது. இக்குறைவு பெரும்பாலும் மேற்கூறிய ஊசிகள் வருமுன்னரே நிகழ்ந்தது. மலேரியாத் தடுப்பு, இலவச வைத்தியம், உணவு மானியம், பெண்கல்வி என்பன அதற்குக் காரணமாயின. கல்வி கற்ற தாயே பிள்ளையை உரிய நாளில் ஊசிக்குக் கொண்டுவருகிறாள் என்பதையும் மறத்தலாகாது.

வெற்றி நிலையானதுமன்று. 2011இல் சின்னமுத்து ஊசிக்குரிய வயது 9 மாதத்திலிருந்து 12 மாதத்துக்கு மாற்றப்பட்டது. 2013இல் நோய் பரந்தபோது ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெரிதும் தாக்கப்பட்டமையால், பின்னர் அது மீண்டும் 9 மாதமாக்கப்பட்டது. 2019இல் சின்னமுத்து ஒழிந்த நாடென இலங்கை சான்று பெற்றது. 2023இல் அந்நோய் மீண்டும் தலைகாட்டிற்று. குளக்கட்டைப் போலவே இதுவும் ஆண்டுதோறும் திருத்தப்பட வேண்டியது.

வரவும் செலவும்

தடுப்பூசியாற் கிடைக்கும் பொருளாதாரப் பயனை நால்வகையாக நோக்கலாம். முதலாவது, வைத்தியசாலையில் மிஞ்சும் செலவு. சின்னமுத்து முற்றி நியுமோனியாவான குழந்தையின் படுக்கை, மருந்து, தாதியர் நேரம் யாவும் பிற நோயாளருக்குக் கிடைக்கின்றன. இரண்டாவது, குடும்பத்தின் வருவாய். குழந்தையோடு வைத்தியசாலையில் இரண்டு கிழமை இருக்கும் தாய் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவளாயின், அவ்விரு கிழமைக் கூலியும் போய்விடும். அன்றாடக் கூலிக்காரர் நகையை அடகு வைப்பதும், கடன்படுவதும் பெரும்பாலும் நோயை ஒட்டியே. ஆதலின் தடுப்பூசியின் பயன் வறியோரையே மிகுதியாகச் சேரும்.

மூன்றாவது, வாழ்நாள் முழுவதும் தொடரும் இழப்பு. இளம்பிள்ளைவாதத்தாற் கால் இழந்த பிள்ளை ஐம்பது ஆண்டுகள் உழைக்கும் வாய்ப்பிற் குறைவுறுகின்றது. நான்காவது, கல்வி. சின்னமுத்து தீர்ந்தபின்னும் அது முன்னிருந்த நிர்ப்பீடன நினைவை அழித்துவிடுதலால், குழந்தை இரண்டு மூன்று ஆண்டுகள் வேறு நோய்களுக்கு எளிதில் இரையாகின்றது என அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. வரவுப் புத்தகத்தில் அடிக்கடி வெற்றிடம் காணும் ஆசிரியர், அவ்வெற்றிடத்தின் காரணங்களுள் இதுவும் ஒன்றென உணர்தல் வேண்டும்.

வருவாய் குறைந்த நாடுகளும் நடுத்தர நாடுகளுமாகிய 94 நாடுகளை ஆராய்ந்து 2016இல் வெளியான கணிப்பு, 2011 முதல் 2020 வரையில் தடுப்பூசிக்கு இடும் ஒவ்வொரு டொலருக்கும் நோயாற் போகும் செலவில் 16 டொலர் மிஞ்சும் என மதிப்பிட்டது. 1974இல் உலக சுகாதார நிறுவனம் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியபோது, உலகக் குழந்தைகளுள் நூற்றுக்கு 5 பேருக்குங் குறைவானோரே முக்கூட்டு ஊசியை முழுமையாகப் பெற்றிருந்தனர். 2023இல் அத்தொகை 84 ஆயிற்று. அவ்வைம்பது ஆண்டுகளிற் காக்கப்பட்ட உயிர்கள் 15 கோடி 40 இலட்சம் எனவும், அவற்றுள் ஏறத்தாழ 9 கோடி 40 இலட்சம் சின்னமுத்து ஊசியாற் காக்கப்பட்டவை எனவும் 2024இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது.

செலவின் பக்கத்தையும் நோக்குதல் முறை. மருந்தின் விலையோடு செலவு முடிவதில்லை. பெரும்பாலான தடுப்பு மருந்துகளைத் தொழிற்சாலை முதல் கிராம நிலையம் வரை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடைப்பட்ட குளிரில் வைத்திருத்தல் வேண்டும். நகரிலுள்ள முதல் நூறு குழந்தைகளை அடைதல் எளிது, மலைத்தோட்டத்திலும் காட்டோரத்திலும் உள்ள கடைசிக் குழந்தையை அடைதல் அரிது, செலவும் மிகும். சாதாரண வியாபாரி இவ்விடத்தில் நிறுத்திவிடுவான். தடுப்பூசியிலோ அக்கடைசிச் சிலரே நோய்ச் சங்கிலியை அறுப்பவர். செலவு மிகும் அதே இடத்திற் பயனும் மிகுதல் இத்துறைக்கே உரிய சிறப்பியல்பு. கணக்குப் பார்க்கும் அரசுகள் முதலில் வெட்டுவதும், வெட்டக்கூடாததும் அக்கடைசிச் செலவேயாகும்.

ஐயமும் தெளிவும்

தடுப்பூசியால் தீங்கே இல்லை என்று கூறுதல் உண்மையன்று. அவ்வாறு கூறி மக்களின் நம்பிக்கையைப் பெறவும் முடியாது. இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து ஏறத்தாழ 27 இலட்சம் முறை கொடுக்கப்படும்போது ஒருவருக்கு வாதம் உண்டாதல் கூடும். ஒழிந்துவரும் நோய்க்கு எதிரே இச்சிறு தீங்கும் பெரிதாகத் தோன்றும். இலங்கையில் 2015 முதல் கொல்லப்பட்ட வைரசினாலான ஊசியும் சேர்க்கப்பட்டது.

2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி புகுத்தப்பட்டது. ஊசி பெற்றபின் சில குழந்தைகள் இறந்ததாக அறிக்கைகள் வந்தமையால், அவ்வாண்டு ஏப்பிரலில் அது நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் யப்பானிற் போலத் திட்டம் குலையவில்லை. பழைய ஊசிகள் இடையறாது வழங்கப்பட்டன. நிபுணர் ஆராய்ந்து, இறப்புக்கு ஊசியே காரணமென்பது நிலைநாட்டப்படவில்லை எனக் கண்டபின், 2010இல் அது மீண்டும் வழங்கப்பட்டது. ஐயம் எழுந்தவிடத்து அதனை மறையாது ஆராய்வதும், ஆராயுங் காலத்தில் குழந்தைகளைக் காப்பின்றி விடாதிருப்பதும் இதன் படிப்பினை. மக்களின் நம்பிக்கையும் ஒரு மூலதனமே. அதனை இழந்த நாடு மருந்திருந்தும் வறுமையுற்ற நாடாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தடுப்பூசியின் பயன் தனியொருவரின் உடலோடு முடிவதன்று என்பதும், திட்டம் முழுமையாக நிறைவேறும்போதே அப்பயன் முழுமையாகக் கிடைக்கும் என்பதும், இடைவழியில் நிறுத்தின் தீங்கும் விளையும் என்பதும் புலனாகும். ஒரு பாலத்தைக் கட்டினால் அது எல்லோர் கண்ணிலும் படும். வாராத நோயும் இறவாத குழந்தையும் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஊசியால் வந்த ஒருநாட் காய்ச்சலோ தாயின் கண்ணிற் படுகின்றது. ஆகவே ஒரு பக்கம் மட்டுமே எழுதப்பட்ட கணக்கேட்டை வைத்து மக்கள் தீர்ப்பளிக்கும் அபாயம் எப்போதும் உண்டு.

மறுபக்கத்தை எழுதிக்காட்டுதல் கற்றோர் கடன். வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் போர்களையும் அரசர்களையும் கற்பிக்கும்போது பெரியம்மையின் வரலாற்றையும் கற்பிக்கலாம். கணிதம் கற்பிப்போர் பதினைந்தில் 14 என்னும் பின்னத்தை இவ்வழியில் விளக்கலாம். மாணவர் தம் வீட்டு முதியோரிடம் அம்மைத் தழும்பின் கதையைக் கேட்டு எழுதிவைக்கலாம். அதனைச் சொல்லக்கூடியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றனர். அவர்களோடு அந்நினைவும் மறையுமாயின், யப்பானியப் பெற்றோர் போல நாமும் நோயைக் கண்டபின்னரே ஊசியின் அருமையை அறிய நேரிடும். அதற்குரிய விலையைக் கொடுப்பவர் நாமல்லர், எம் குழந்தைகளே.